தன்னி

குழுவில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
எழுதுகிறவர்கள் ஒன்பது.
அந்த ஒன்பதில் நாலு பேர்
காலை வணக்கம் மட்டும், ரோஜாப்பூவோடு.

எண்ணுவது என் தொழில்.
துறைமுகத்தில் இரவு ஷிப்ட்.
இறங்கும் பெட்டிக்கு ஒரு கோடு,
ஐந்தாவதற்குக் குறுக்கே ஒன்று.
பெட்டிக்குள் என்ன என்று கேட்டதில்லை.
கேட்பது வேறு ஆளின் வேலை.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் பார்த்திருப்பீர்கள்.
கூட்ஸ் வண்டி பாதியில் நின்றுவிடும்.
இருநூறு பைக், ஷேர் ஆட்டோ,
ஐஸ் சொட்டச் சொட்ட ஒரு மீன் வண்டி.
ஒருத்தர் மட்டும் கேட்கீப்பரைத் திட்டுவார்.
மற்றவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டுக்
கேட்டுக்கொண்டிருப்போம்,
நமக்கும் சேர்த்துத்தானே திட்டுகிறார் என்று.
கேட் திறந்ததும்
அவரை இடித்துக்கொண்டு போவோம்.

குழுவிலும் அப்படி ஒருத்தர்,
மூணாம் பிளாக் ஜெபக்கனி.
லாரி வந்தால் எழுதுவார்,
வராவிட்டால் எழுதுவார்.
குழாயில் டீசல் நாற்றம் என்று
பாட்டிலில் பிடித்துப் படம் போடுவார்.
முந்நூறு பேர் பார்த்தாயிற்று
என்று காட்டும் போன்.

ஏன் எழுதவில்லை?
"எழுதுனா நம்மளையே ஆபீசுக்கு
அனுப்புவாங்கடா" என்றான் தயாளன்.
மஸ்தான் பீ வீட்டில் ஒரே போன், அது மகன் கையில்.
ரெஜினாவின் போனில் விரிசல் விழுந்து
வலது பக்க எழுத்துகள் செத்துப்போயின.
நான் ஒருமுறை "லாரி வரல" என்று அடித்தேன்.
அனுப்புவதற்குள் ஜெபக்கனி எழுதிவிட்டார்.
அழித்தேன்.
அப்பாடா என்றிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் ஏகவல்லி விஷயம்.
போன கோடை. ஏழாம் பிளாக், நாலாவது மாடி.
முதல் தடவையாக எழுதினாள்:
"எங்க பிலாக்ல தன்னி வரல."
யாரோ திருத்தினார்: தண்ணி. மூணு சுழி.
அதன் கீழே சிரிக்கும் மூஞ்சிகள்.
பதினேழு. எண்ணினேன்.
பதினாறு பேர் அதற்கு முன் வாயே திறக்காதவர்கள்.
அவர்களில் ஒருவன் நான்.

அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை.
படியில் பார்த்தால்
குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு போவாள்.

இந்த மாசம் ஜெபக்கனியும் நிறுத்திவிட்டார்.
முதல் நாள், லாரி வரும்போல என்று இருந்துவிட்டோம்.
மறுநாள் காலிக் குடங்களோடு கீழே கூடி
"குழுவுல ஒண்ணும் வரலியே" என்றோம்
ஒருவரிடம் ஒருவர்.
மூன்றாம் நாள் போய்க் கதவைத் தட்டினேன்.

காய்ச்சல் இல்லை, ஒன்றுமில்லை.
நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.
"ஆபீசுல போயி நின்னேன்.
கம்ப்யூட்டர திருப்பிக் காட்னான் அந்தாளு.
நாலு வருசமா ஒரே பேரு, ஒரே நம்பரு.
மத்தவங்க யாருக்கும் குறை இல்லியே,
உங்க வூட்ல மட்டும் என்னம்மா பிரச்சன
அப்டின்றான்."
ஒரு தலையைக் கிள்ளிப் போட்டார்.
"ஆமா, நீ எந்த பிளாக்கு?
உன்ன நான் பாத்ததே இல்லியே."

அன்றிரவு யார்டில் தூறல்.
கிரேன் நின்ற இடைவெளியில்
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போனை எடுத்தேன்.
எனக்குச் சரியாக எழுத வரும்,
பத்தாவதில் தமிழ் எண்பத்தொன்று.
மூணு சுழி போட்டேன்.
அழித்துவிட்டு ரெண்டு சுழி போட்டேன்.

"ஏழாம் பிலாக், ரெண்டாவது மாடி. தன்னி வரல."

மேலே வந்தது:
ஏகவல்லி எழுதுகிறார்.
நின்றது.
மறுபடி எழுதுகிறார்.
திட்டத்தானோ என்னவோ.
திட்டட்டும்.

கிரேன் ஹார்ன் அடித்ததும்
பெட்டி இறங்கியதும் காதில் விழுந்தது.
கோடு போட விட்டுப்போனது.